கணக்கில் வராத நான்கு மணி நேரம்: ஒரு குடும்ப மருத்துவரின் பர்ன்அவுட் – நிகழ்வு ஆய்வு

பர்ன்அவுட் என்றால் வேலையின் தொடர் அழுத்தத்தால் ஆள் வற்றிப்போவது. இங்கே வரும் நிகழ்வு தனியொருவரின் வரலாறு அல்ல. குடும்ப மருத்துவப் பணியிடங்களில் திரும்பத் திரும்பத் தென்படும் கூறுகளைச் சேர்த்து அமைத்தது. நிகழ்வுக்குள் வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக வைத்தவை. ஆய்வு என்று சொல்லிக் காட்டும் எண்கள் வெளியான ஆய்வுகளிலிருந்து எடுத்தவை.

நிகழ்வு

44 வயது குடும்ப மருத்துவர். பதினைந்து ஆண்டு அனுபவம். மூன்று மருத்துவர்கள் இருந்த கிளினிக்கில் ஒருவர் விலகி ஒன்பது மாதம் ஆகிறது. அந்த இடம் நிரப்பப்படவில்லை. விலகியவரின் நோயாளிகளை மற்ற இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். இவர் பொறுப்பில் இருந்த 1,600 பேர் 2,400 ஆனார்கள்.

சிக்கல் வெளியே தெரிந்தது ஒரு ரத்தப் பரிசோதனை முடிவால். 61 வயது ஆண், களைப்பு என்று வந்தவர். முந்தைய ஆண்டு 13.9 இருந்த ஹீமோகுளோபின் 10.4 ஆகியிருந்தது, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. இந்த வயதில் ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து இப்படிக் குறைந்தால் குடலில் ரத்தக் கசிவு உண்டா என்றுதான் முதலில் தேட வேண்டும். எந்தக் குடும்ப மருத்துவருக்கும் இது தெரியும், இவருக்கும் தெரியும். ஆனால் அந்த முடிவு, திறக்கப்படாத எழுபது செய்திகளுக்கு நடுவில் வந்து விழுந்தது. இரண்டு நாள் கழித்து, இரவு பதினொரு மணிக்கு, வீட்டிலிருந்து அது திறக்கப்பட்டது. ‘அடுத்த வருகையில் பேசலாம்’ என்று குறித்து மூடப்பட்டது. பத்தொன்பது நாள் கழித்து ரத்த அழுத்தம் பார்க்க வந்தவரின் பதிவைப் புரட்டிய செவிலியர் கண்ணில் பட்டது. அன்றே குடல்நோக்குப் பரிசோதனைக்கு அவசரப் பரிந்துரை போனது. அந்த முடிவைத் திறந்ததே தமக்கு நினைவில்லை என்றார் மருத்துவர்.

கவனக்குறைவு என்று எச்சரித்துக் கோப்பை மூடியிருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. இங்கே கிளினிக் நிர்வாகம் அவருடைய கடந்த ஓராண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. அதில் மூன்று மாற்றங்கள் தெரிந்தன. குறிப்புகள் சுருங்கியிருந்தன: முன்பு ‘மகள் படிக்கப் போனதிலிருந்து தூக்கம் இல்லை, தனியாக இருக்கிறார், சாப்பாடு ஒழுங்கில்லை’ என்று எழுதியவர், இப்போது ‘தூக்கமின்மை, மாத்திரை தொடர்க’ என்று முடித்திருந்தார். பரிசோதனைக்கும் சிறப்பு மருத்துவருக்கும் அனுப்புவது கூடியிருந்தது. மூன்றாவது, மின்னணுப் பதிவேட்டில் அவர் உள்ளே நுழைந்த நேரங்கள்: வாரத்தில் ஐந்து இரவு, ஞாயிறு காலை.

மதிப்பீடு

உலகச் சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 பர்ன்அவுட்டை நோயாக வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தால் வரும் பணிசார் நிலை என்கிறது. அது சொல்லும் கூறுகள் மூன்று: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது வேலையின் மீது கசப்பு, பணித்திறன் குறைதல். வேலை தொடர்பாக மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே களைப்போடு வரும் மருத்துவருக்கு நேராக இந்த முத்திரையைக் குத்தக் கூடாது. வேறு எந்த நோயாளி களைப்பு என்று வந்தாலும் எதையெல்லாம் பார்ப்போமோ அதையெல்லாம் இவருக்கும் பார்க்க வேண்டும். மருத்துவர்களுக்கு இந்தப் படிதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

டிஎஸ்எச் (தைராய்டுப் பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை இயல்பு. குறட்டை, பகல் உறக்கம் இல்லை. மது இல்லை. நான்கு மாதமாகத் தமக்குத் தாமே தூக்க மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார். கேட்டபோதுதான் சொன்னார், கேட்காமல் இது வெளியே வராது. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பிஎச்கியூ-9-ல் மதிப்பெண் 9. அதில் 7 தூக்கம், களைப்பு, கவனம் ஆகிய மூன்றிலிருந்து மட்டும் வந்தது. தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0. தாளில் 0 போட்டிருந்தாலும் நேரில் வாய்விட்டுக் கேட்கப்பட்டது. மருத்துவர்களுக்கு வழியும் தெரியும், மருந்தும் கையில் இருக்கும். இந்தக் கேள்வியில் கூச்சம் காட்டவே கூடாது.

மனச்சோர்வு நோயிலிருந்து பிரித்துக் காட்டியது ஒரு சின்ன விவரம். நான்கு மாதம் முன்பு பத்து நாள் விடுப்பில் போனபோது ஐந்தாம் நாள் தூக்கம் திரும்பியது, படிப்பதில் ஆர்வம் வந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலை. மனச்சோர்வு நோய் இப்படி விடுப்புக்குக் கட்டுப்பட்டு விலகிப்போவது அரிது. இருந்தாலும் இரண்டும் ஒன்றாக வரலாம், ஒன்று மற்றொன்றாக மாறவும் செய்யும். அதனால் ஆறு வாரம் கழித்துப் பிஎச்கியூ-9 மறுபடி எடுக்க நாள் குறிக்கப்பட்டது.

பர்ன்அவுட்டை அளக்க உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் வெளியிட்ட அளவுகோலில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை. உணர்வு வறட்சிக்கு 9 கேள்வி, நோயாளிகளிடம் ஒட்டாமைக்கு 5, சாதனை உணர்வுக்கு 8. மருத்துவர்களிடம் வழக்கமாக, வறட்சி 27 அல்லது அதற்கு மேலோ, ஒட்டாமை 10 அல்லது அதற்கு மேலோ இருந்தால் ‘அதிகம்’ என்கிறார்கள். இவருக்கு வறட்சி 36, ஒட்டாமை 13, சாதனை உணர்வு 35. கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். அது வீழ்ந்துவிடவில்லை. தம் வேலைக்குப் பொருள் இருக்கிறது என்று இவர் இன்னும் நம்புகிறார், அதைச் செய்யத்தான் முடியவில்லை. குடும்ப மருத்துவர்களிடம் இந்த அமைப்பு அடிக்கடி வரும். இந்தக் கட்டத்தில் பணியமைப்பை மாற்றினால் ஆளை மீட்க முடியும். சாதனை உணர்வும் போய்விட்ட பிறகு வந்தால் பெரும்பாலும் ராஜினாமாக் கடிதம்தான் கையில் இருக்கும்.

இந்த எண்களை நோயறிதலாகப் படிக்கக் கூடாது. 2018-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மருத்துவர்களின் பர்ன்அவுட் பற்றிய 182 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது குறைந்தது 142 வெவ்வேறு வரையறைகள் கிடைத்தன. பாதிப்பு விகிதம் 0 முதல் 80.5 சதவீதம் வரை விரிந்தது. ‘இத்தனை சதவீத மருத்துவர்களுக்கு பர்ன்அவுட்’ என்ற செய்தித் தலைப்பை நம்பி முடிவெடுக்க முடியாது. ஒரே ஆளை ஒரே அளவுகோலால் முன்னும் பின்னும் அளந்தால் மட்டுமே இந்த எண் உதவும்.

நேரக் கணக்கு

இந்த நிகழ்வின் திருப்புமுனை இங்கேதான். இரண்டு வாரம், ஒவ்வொரு வேலையும் எத்தனை, எத்தனை நிமிடம் என்று பதிவேட்டின் நேர முத்திரைகளிலிருந்தும் கைக்குறிப்பிலிருந்தும் எடுக்கப்பட்டது. வீட்டில் செய்ததும் சேர்த்து.

அட்டவணைப்படி: 26 நோயாளிகள், தலா 12 நிமிடம், 312 நிமிடம். ‘மற்ற வேலை’க்கு 108. மொத்தம் 420 நிமிடம், ஏழு மணி நேரம்.

உண்மையில்: நேரில் பார்ப்பது சராசரி 14 நிமிடம், ஆக 364. ஒவ்வொருவருக்கும் பின்னால் பதிவு எழுத 4 நிமிடம், 104. பரிசோதனை முடிவுகள் 38, தலா ஒன்றரை நிமிடம், 57. தொடர் மருந்துச் சீட்டு 30, தலா ஒரு நிமிடம். மருத்துவமனைக் கடிதங்கள் 14, தலா இரண்டரை, 35. சான்றிதழ், படிவம் 3, தலா 8, 24. தொலைபேசி 6, தலா 5, 30. கதவைத் தட்டி வரும் ‘ஒரு நிமிஷம் டாக்டர்’ எல்லாம் சேர்ந்து 20. கூட்டினால் 664 நிமிடம், பதினொரு மணி நேரத்துக்கு மேல்.

இடைவெளி 244 நிமிடம். இந்த நான்கு மணி நேரம் எந்த அட்டவணையிலும் இல்லை. மதிய இடைவேளையிலிருந்து கொஞ்சம், மாலையில் தங்கிக் கொஞ்சம், மிச்சம் 100 நிமிடம் இரவில் வீட்டிலிருந்து. ஃபெரிட்டின் 8 என்ற முடிவு திறக்கப்பட்டது அந்த நூறு நிமிடத்துக்குள்தான்.

இது மிகையான கணக்கு என்று தோன்றினால் அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 142 குடும்ப மருத்துவர்களின் மின்னணுப் பதிவேட்டு நேரத்தை அளந்து 2017-ல் வெளியிட்டார்கள்: 11.4 மணி நேர வேலைநாளில் 5.9 மணி நேரம் திரையின் முன், அதில் 1.4 மணி நேரம் கிளினிக் நேரத்துக்கு வெளியே. 2022-ல் வந்த இன்னொரு கணக்கீடு 2,500 நோயாளிகளுக்கு வழிகாட்டு நெறிகள் சொல்லும் தடுப்பு, நாள்பட்ட நோய், திடீர் நோய்க் கவனிப்பு முழுவதையும் ஒரே மருத்துவர் செய்ய நாளுக்கு 26.7 மணி நேரம் வேண்டும் என்றது. அதே வேலையைக் குழுவாகப் பிரித்தால் மருத்துவரின் பங்கு 9.3 மணி நேரம். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அடங்காத வேலையைத் தனியாளிடம் கொடுத்துவிட்டு, நேர மேலாண்மை கற்றுக்கொள்ளச் சொல்வதில் நியாயம் இல்லை.

நேரம் குறையக் குறைய வேலை ஏன் கூடியது

நோயாளி கூட்டத்தை மட்டும் குற்றம் சொன்னால் இந்த நிகழ்வு புரியாது. நோயாளிகள் ஒன்றரை மடங்கு ஆனார்கள். பரிசோதனை முடிவுகளோ இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தன. காரணம் பன்னிரண்டு நிமிட அறைக்குள் இருக்கிறது.

தலைசுற்றல் என்று ஒருவர் வருகிறார். கேட்டு, படுக்க வைத்து, தலையைத் திருப்பிப் பார்த்து, நின்ற நிலையில் ரத்த அழுத்தம் எடுத்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அதற்குப் பதினெட்டு நிமிடம் ஆகும். வெளியே நான்கு பேர். நாற்பது நிமிடத் தாமதம். அந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனை எழுதுவது இரண்டு நிமிட வேலை. நோயாளிக்கும் ஏதோ நடக்கிறது என்ற திருப்தி. ஆனால் மூன்று நாள் கழித்து பதினைந்து வரி முடிவு ஒன்று வந்து உட்காரும். அதில் ஒரு வரி சற்றே எல்லை தாண்டியிருக்கும். அதற்கு ஒரு மறுபரிசோதனை, ஒரு தொலைபேசி, இன்னொரு வருகை. அறைக்குள் மிச்சம் பிடித்த ஆறு நிமிடம் வெளியே இருபது நிமிடமாகத் திரும்பி வருகிறது. அந்த இருபது நிமிடம் அடுத்த நாளின் அறை நேரத்தைத் தின்கிறது. பிறகு இன்னும் அதிகப் பரிசோதனை.

சுழல் இதுதான். இது உடையாதவரை ஒருவரின் மன உறுதியைக் கூட்டியும் பயனில்லை.

மாஸ்லாக்கும் இன்னொரு உளவியலாளர் மைக்கேல் லைட்டரும் பணியிடத்தில் ஆறு இடங்களைப் பார்க்கச் சொன்னார்கள்: பணிச்சுமை, கட்டுப்பாடு, வெகுமதி, சக பணியாளர் உறவு, நியாயம், விழுமியங்கள். இந்த நிகழ்வில் ஆறும் ஒரே எடை அல்ல. சம்பளத்தில் குறை இல்லை. சுமையைச் சொல்லியாயிற்று. அதற்கு அடுத்து கனமானது கட்டுப்பாடு: அட்டவணையை இவர் போடவில்லை, காலியிடத்தில் யாரைச் செருகுவது என்பதை வரவேற்பாளர் தீர்மானித்தார், மருத்துவமனைக் கடிதங்கள் ‘ஆறு வாரத்தில் சிறுநீரகப் பரிசோதனையைக் குடும்ப மருத்துவர் பார்க்கவும்’ என்று முடிந்தன. யாரோ தொடங்கிய வேலை, பொறுப்பு மட்டும் இவருடையது. ‘இது என்னுடையது அல்ல’ என்று சொல்லும் எல்லைக்கோடு சிறப்பு மருத்துவருக்கு உண்டு. குடும்ப மருத்துவருக்கு அது கிடையாது.

விலகிப்போன சக மருத்துவரோடு இன்னொன்றும் போயிருந்தது. முன்பு மதியம் இருபது நிமிடம் மூவரும் உட்கார்ந்து குழப்பமான நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்கள். ஆள் குறைந்ததும் முதலில் வெட்டுப்பட்டது அந்த இருபது நிமிடம். குடும்ப மருத்துவத்தில் அறைக்குள் வரும் புகார்களில் பல, பெயர் வைக்க முடியாத ஆரம்பக் கட்டத்தில் இருப்பவை. இந்த நிச்சயமின்மையை இன்னொருவரிடம் சொல்லி இறக்கிவைக்க இடம் இருந்தால் தாங்கலாம். இல்லாவிட்டால் அது வீட்டுக்குக் கூடவே வரும். இரவு இரண்டு மணிக்கு எழுப்பி ‘அந்தக் குழந்தையின் வயிற்றை இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டுமோ’ என்று கேட்கும்.

பல ஆண்டுகளாகத் தெரிந்த நோயாளிகள் என்பதும் இரு பக்கம் வெட்டும். வேலையின் நிறைவே அதுதான். ஆனால் புற்றுநோய் என்று சொல்ல வேண்டிய ஆள் பத்தாண்டுப் பழக்கமானவர். சொல்லி அனுப்பிய அடுத்த நிமிடம் காது வலி என்று ஒரு குழந்தை உள்ளே வரும். நடுவில் மூச்சு விட அட்டவணையில் இடமே இல்லை. ஒட்டாமை மதிப்பெண் 13 என்பதை ஈவிரக்கம் போனதாகப் படிப்பது தவறு. தொடர்ந்து பட்ட இடத்தில் தோல் தடித்ததாகப் படிப்பதே சரி.

முதலில் செய்ததும் அது ஏன் பலிக்கவில்லை என்பதும்

நிர்வாகம் முதலில் ஏற்பாடு செய்தது ஆறு வார மனநிறைவுப் பயிற்சி, வாரம் ஒருநாள் மாலை ஒன்றரை மணி நேரம். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். அந்த ஒன்றரை மணி நேரம் அன்றிரவுத் திரை நேரத்தோடு சேர்ந்துகொண்டது. மூன்றாம் வாரம் அவர் போவதை நிறுத்தினார். ‘உதவியை மறுக்கிறார்’ என்ற பெயரும் வந்தது. பயிற்சி கெட்டது என்பதில்லை. 2017-ல் வந்த தொகுப்பாய்வில் தனிநபர் பயிற்சிகளுக்குச் சிறு பலன் இருந்தது, பணியமைப்பை மாற்றிய முயற்சிகளுக்கு அதைவிட அதிகம். பயிற்சியைக் கொடுப்பதானால் வேலை நேரத்துக்குள், அந்த அளவு நோயாளிகளைக் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

மாற்றியவை

இரண்டு வார விடுப்பு. அதில் முக்கியமானது, விடுப்பு நாட்களில் அவர் பெயருக்கு வரும் முடிவுகளையும் கடிதங்களையும் திறக்கப் பெயர் சொல்லி ஒருவர் நியமிக்கப்பட்டார். இதைச் செய்யாத விடுப்பு, திரும்பும் நாளில் முந்நூறு செய்திகளாக நிற்கும். திரும்பிய முதல் நாள் காலை நோயாளிகள் வைக்கப்படவில்லை. தூக்க மாத்திரையைத் தமக்குத் தாமே எழுதுவது நின்றது. வேறு கிளினிக்கில் அவருக்கென்று ஒரு மருத்துவர் ஏற்பாடானார்.

அட்டவணை 26 x 12 என்பதிலிருந்து 22 x 15 ஆனது. அதற்கு வெளியே காலை ஒன்று, பிற்பகல் ஒன்று என இரண்டு பதினைந்து நிமிட வெற்றிடங்கள். குறைந்த நான்கு இடங்களுக்கு வர வேண்டிய நோயாளிகள் எங்கே போவார்கள் என்பதுதான் நிர்வாகத்தின் முதல் கேள்வி. விடை மருந்துச் சீட்டில் இருந்தது. ஐந்து மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு ஐந்தும் ஐந்து தேதியில் தீர்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்து, நிலையாக இருப்பவர்களுக்கு நீண்ட காலத்துக்கு எழுதியதில் நாளுக்கு 30 சீட்டு 8 ஆனது. சீட்டுக்காகவே எடுக்கப்பட்ட வருகைகளும் குறைந்தன. தேதிகளை ஒன்றாக்கும் வேலைக்கே மருந்தாளுநருக்கு ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் சுமை குறையவில்லை, சற்றுக் கூடியது. இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் நான்காம் வாரம் எல்லோரும் கைவிடுவார்கள்.

பரிசோதனை முடிவுகளுக்கு ஒரு பக்க அட்டவணை எழுதப்பட்டது. முழுவதும் இயல்பானவற்றைச் செவிலியர் பார்த்துத் தகவல் சொல்வார். பொட்டாசியம் 6.0-ஐத் தொட்டால் அன்றே தொலைபேசி. ஹீமோகுளோபின் முந்தைய அளவிலிருந்து 2 குறைந்தால், எல்லைக்குள் இருந்தாலும், அன்றே மருத்துவர் கைக்கு. பரிசோதனை எழுதும்போதே ‘எதற்காக, இப்படி வந்தால் அடுத்து என்ன’ என்று ஒரு வரி எழுதுவது கட்டாயம். இந்த ஒரு வரியே தேவையில்லாத பரிசோதனைகளைக் குறைத்தது. காரணம் எழுத வராதபோது கை தானாக நின்றது. அவர் பார்க்க வேண்டிய முடிவுகள் நாளுக்கு 38-லிருந்து 18 ஆயின.

கதவைத் தட்டுவதற்கு எல்லை வகுத்தார்கள்: மார்பு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், நோய்வாய்ப்பட்ட கைக்குழந்தை, மருந்து ஒவ்வாமை, ஆய்வகத்தின் அவசர எண். மற்றதெல்லாம் ஒரு தாளில் எழுதி வெற்றிட நேரத்தில். மதியப் பேச்சு பதினைந்து நிமிடமாகத் திரும்பியது, வேலை நேரத்துக்குள்.

இரண்டு இடத்தில் சறுக்கியது. மூன்றாம் வாரத்திலேயே வெற்றிடங்களில் ‘அவசரம்’ என்று ஆட்கள் செருகப்பட்டார்கள். அந்த இடங்களை மருத்துவர் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்டிய பிறகே அது நின்றது. இரண்டாவது கனமானது. முடிவுகளைப் பார்க்கும் செவிலியருக்கு நாளுக்கு அரை மணி நேரம் கூடியது, அவருடைய வேலையிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை. இரண்டே மாதத்தில் அவரிடம் அதே அறிகுறிகள். கீழே தள்ளிய சுமை குறைந்த சுமை ஆகாது. படிவ வேலையை வரவேற்புப் பகுதிக்கு மாற்றி அவருக்கு அந்த அரை மணி நேரம் ஒதுக்கப்பட்டது.

ஆறு மாதம் கழித்து

அதே முறையில் மறுபடி இரண்டு வாரம் அளந்தபோது: நேரில் பார்ப்பது 330 நிமிடம், பதிவு 66, முடிவுகள் 27, சீட்டு 8, கடிதங்கள் 10-க்கு 25, படிவம் 16, தொலைபேசி 20, குறுக்கீடு 10, மதியப் பேச்சு 15. மொத்தம் 517 நிமிடம், எட்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவுத் திரை நேரம் 100-லிருந்து 25. நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நிமிடம் கூடியிருந்தது. அதையும் மீறி நாள் சுருங்கியது.

பிஎச்கியூ-9 ஆறாம் வாரத்தில் 6, ஆறாம் மாதத்தில் 3. ஒட்டாமை 13-லிருந்து 8. உணர்வு வறட்சி 36-லிருந்து 28. இன்னும் அதிகப் பிரிவில்தான். 2,400 பேர் 2,400 பேராகவே இருக்கும்போது இது வியப்பல்ல. மூன்றாம் மருத்துவர் வரும்வரை புதிய நோயாளிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டிருக்கிறது. மருத்துவமனைக் கடிதங்களில் வந்து விழும் வேலை பெரிதாகக் குறையவில்லை. அது இந்தக் கிளினிக்கின் சுவருக்கு வெளியே, இரு தரப்பும் உட்கார்ந்து எழுத வேண்டிய ஒப்பந்தம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேர முத்திரைகளை எடுத்துப் பார்ப்பது இப்போது நிர்வாகத்தின் வேலை, மருத்துவர் வந்து முறையிடத் தேவையில்லை. தொடர்ந்து இரண்டு வாரம் இரவுத் திரை நேரம் 60 நிமிடத்தைத் தாண்டினால் மறுநாள் அட்டவணையில் இரண்டு இடம் தானாக மூடப்படும். காரணம் கேட்பது அதற்குப் பிறகு.